பாசி நீலமும் சொட்டு நீலமும்

நான் பிறவிச் சந்தேகி. கல்லூரி விடுதியில் என் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தவள். எண்ணெய் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், அன்று அறையில் யார் தலை பளபளக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். ஒருமுறைகூட யாரையும் பிடித்ததில்லை. அதனால் எனக்குப் புத்தி வந்துவிடவும் இல்லை. இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

அப்படிப்பட்ட என்னை 1991 ஜூனில் வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொண்டுபோய் விட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அங்கே குண்டு வெடித்திருந்தது. டீக்கடையில் புதுமுகம் ஒன்று டீ கேட்டால் கடைக்காரர் முதலில் முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் பாய்லரைத் திறப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த வருஷம் பேய்கள் பட்டப்பகலிலேயே பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நானோ கோவில்பட்டிக்காரி, கல்யாணம் ஆகாதவள், தனியாக அறை தேடுகிறவள். பென்னலூரில் ஒரு வீட்டுக்காரர் என் டிகிரி சர்டிபிகேட்டை வாங்கி இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நாலு நாள் வைத்திருப்பேன்.

வேலை, வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு சுருள்பாசிப் பண்ணையில். இன்றைக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர்கள். அன்று ஏரியும் நெல்லும்தான். நடுவில் எங்கள் எட்டு சிமெண்டுத் தொட்டிகள், தளும்பத் தளும்பப் பச்சைத் தண்ணீர். பாசியைத் துணியில் வடித்துக் காயவைத்து மாத்திரையாக விற்பதுதான் முதலாளியின் தொழில். ஆனால் அவருக்கு இன்னொரு ஆசை இருந்தது. அந்தப் பச்சைக்குள் ஒரு நீலம் ஒளிந்திருக்கிறது. ஃபைக்கோசயனின் என்று பெயர், ஒரு புரதம், தானே நிறமாகவும் இருக்கிறது. பம்பாயில் மருத்துவப் பரிசோதனைச் சாமான் செய்கிற ஒரு கம்பெனி அதைச் சுத்தமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அந்த நீலத்தைப் பிரித்துச் சுத்தப்படுத்தத்தான் என்னை எடுத்தார்கள்.

எனக்கு உதவிக்கு ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும். பக்கத்து ஊர். ஜெபக்கூட்டத்துக்குப் போகிற குடும்பம். பொட்டு கிடையாது, பூ கிடையாது, காதில் ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கிடையாது. புருஷன் இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடந்தார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவளுடைய இந்தச் சம்பளத்தில்தான். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, காலைல எதுனா துன்னியா?" என்று கேட்டாள். இவள் எதற்கு என் சாப்பாட்டை விசாரிக்கிறாள் என்று நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்து பதினெட்டாம் நாள், சென்னையில் பாரிமுனைக்குப் போய் அம்மோனியம் சல்பேட் பத்து கிலோ வாங்கிவரச் சொன்னார் முதலாளி. பாசியை உறைய வைத்து, இளக வைத்து, மறுபடி உறைய வைத்தால் அதன் உயிரணுக்கள் வெடித்து நீலம் வெளியே வரும். கூடவே வேண்டாத புரதங்களும் வரும். அந்தக் கரைசலில் இந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால், கூட்டம் ஏற ஏற பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் ஒவ்வொருவராக இறங்குவது போல, ஒவ்வொரு புரதமும் அதனதன் கட்டத்தில் அடியில் இறங்கி உட்காரும். நீலம் இறங்கும் கட்டத்தில் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெள்ளை வெளேரென்ற அந்த உப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தேன். அக்காவும் பூந்தமல்லியில் யாரையோ பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறியிருந்தாள். ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். என் மடியில் இருந்தது பத்து கிலோ. ஏட்டு மூடியைத் திறந்து பார்த்தார். வாசனை பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். என் தெற்கத்திப் பேச்சைக் கேட்டதும் இன்னொரு தரம் பார்த்தார்.

பின் சீட்டிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். "இன்னா சார், இது கூடவா தெரியல? உரம் சார். நெல்லுக்கு மேலுரம் போடுவாங்களே, அது."

"உரத்த இந்தப் பொண்ணு எதுக்கும்மா டப்பால போட்டு எடுத்துகினு போவுது?"

"பாசிலருந்து நீலம் எடுக்கறதுக்கு சார்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய பொய்யை யாராலும் சொல்லியிருக்க முடியாது. இரண்டு பேரையும் இறக்கி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். முதலாளி ஊரில் இல்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர், "வாடகைக்கு இருக்குது சார், மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கழன்றுகொண்டார். இந்தப் பெண்ணுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தர் கேட்டார்.

"நான்தான்" என்றாள் அக்கா. நோட்டில் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக ஊன்றிக் கையெழுத்துப் போட்டாள். அந்த மாதத்தில் போலீஸ் நோட்டில் பெயர் ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அட, இன்னா பாப்பா நீ, வா, வூட்டுக்குப் போலாம்" என்று டப்பாவைத் தன் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் முன்னால் எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதைப் படிக்கும்போது யாரும் எனக்காகப் பரிந்து பேசக்கூடாது.

முதல்முறை நீலம் சுத்தமாக வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சவ்வுப் பையில் கட்டி, உப்பு போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கண்ணாடிக் குழாயில் இறக்கி எடுத்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடர்ந்த நீலம். வெளிச்சம் விழுகிற பக்கம் வந்து நின்று பார்த்தால் அதே திரவம் உள்ளுக்குள் சிவப்பாய்க் கனன்றது. அக்கா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ப் பார்த்தாள். "ஸ்தோத்திரம்! இன்னா இது, ரெண்டு மூஞ்சி காட்டுது?" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அசல் நீலம் என்றால் இப்படித்தான் சிவப்படிக்கும், கொதிக்கக் காய்ச்சினால் நிறம் செத்துப்போகும், கடையில் விற்கிற சாயம் எதுவும் இந்த இரண்டையும் செய்யாது, அதனால் இதில் யாரும் கலப்படம் பண்ணிவிட முடியாது என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். அவள் கவனமாகக் கேட்டாள். ஏன் இவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் என்று அப்போதே மனசின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

சுத்தத்தை அளக்க ஸ்பெக்ட்ரோ என்ற கருவி. குவார்ட்ஸில் செய்த, விரல் அளவு சதுரக் குப்பிகள் இரண்டு. ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் நம் நீலம். தண்ணீர்க் குப்பியை வைத்துக் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மற்றதை வைத்து இரண்டு அளவு எடுக்க வேண்டும். ஒன்று நீலம் எவ்வளவு என்று சொல்லும். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில், மொத்தப் புரதமும் எவ்வளவு என்று சொல்லும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நாலுக்கு மேல் வர வேண்டும். பம்பாய்க்காரர்கள் சொன்ன எண் அது. தொடர்ந்து மூன்று சாம்பிள் நாலுக்கு மேல் வந்தால் ஆர்டர். செப்டம்பரில் ஒன்று அனுப்பினோம், நாலைத் தாண்டியது. அக்டோபர் தொடக்கத்தில் இரண்டாவது, அதுவும் தாண்டியது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தொழில் பாசித்தொட்டியானாலும் பூஜை பூஜைதான். முதல் நாள் அக்கா தொட்டி மோட்டாரிலிருந்து என் அறை அலமாரி வரை ஒன்றுவிடாமல் துடைத்துக் கழுவினாள். பூஜை நேரத்தில் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். படைத்த பொரியை நீட்டியபோது, "கோச்சிக்காத பாப்பா, நாங்க துன்றதில்ல" என்றாள். முதலாளி மோட்டாருக்கும், கரைசலைச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். என் அறைக்கு நானே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஸ்பெக்ட்ரோவின் நெற்றியில் ஒன்று வைத்தேன். மேஜையில் ஒரு குவார்ட்ஸ் குப்பி இருந்தது. மற்றது வெல்வெட் பெட்டிக்குள். முந்தின நாள் அக்கா, "இத நானே கழுவி வச்சுடட்டா?" என்று கை நீட்டியபோது, "நீங்க தொடாதீங்க" என்று பிடுங்கி வைத்த குப்பி அது. அந்த அறையிலேயே விலை உயர்ந்த ஆயுதம் அதுதான், அதற்கு இல்லாத பொட்டா? குப்பிக்கு நாலு பக்கம். ஒளி போகிற இரண்டு பக்கம் தெளிவாகவும், கையால் பிடிக்கிற இரண்டு பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். படித்தவள் அல்லவா, சரியாகச் சொரசொரப்புப் பக்கம் பார்த்து, கடுகளவு சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வைத்தேன். விஜயதசமியன்று காலையில் முந்தானையை நனைத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. அக்கா அறை பெருக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சாம்பிள் மூன்றுதான் வந்தது.

திரும்பச் செய்தேன். மூன்றுக்கும் கீழே. புதிய பாசி, புதிய உப்பு, இரண்டு நாள் தூக்கமில்லை, மறுபடியும் மூன்று. நீலம் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் வேண்டாத ஏதோ கலந்திருக்கிறது என்று கருவி சொன்னது. பம்பாயிலிருந்து இரண்டு தந்தி வந்துவிட்டது. ஆர்டர் போனால் இந்த அறையை மூடிவிட்டு மாத்திரையோடு நின்றுகொள்வேன் என்றார் முதலாளி. பிறகு யோசித்துவிட்டு, "பூஜைக்கு அப்புறம்தானே இப்படி ஆகுது?" என்றார். சொல்லிவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தார்.

எனக்கு அது போதும். அதற்கப்புறம் அக்கா எது செய்தாலும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. உறைய வைத்த பாசியை வெளியே எடுத்து வைத்துவிட்டு வாய்க்குள் முணுமுணுக்கிறாளே, ஜெபமா, வேறு ஏதாவதா? என்னிடம் கலப்படத்தைப் பற்றி அவ்வளவு கவனமாகக் கேட்டாளே? பூந்தமல்லியில் அன்று யாரைப் பார்த்துவிட்டு வந்தாள்? என்னைக் காப்பாற்றிய பஸ்ஸையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கினேன். எண்ணெய் பாட்டில் போலவே சவ்வுப் பைகளிலும் பென்சில் கோடு போட்டேன். கோடு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் எடுத்ததற்குப் பதிலாக வேறு எதையோ ஊற்றி நிரப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். சந்தேகக்காரிக்கு நிரூபணம் கிடைக்காததும் ஒரு நிரூபணம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தொட்டியடியில் இருந்தபோது அவளுடைய பையைத் திறந்தேன். டிபன் டப்பா, ஒரு சின்ன வேதப்புத்தகம், சொட்டு நீலம் ஒரு பாட்டில். அதில் கால்வாசி குறைந்திருந்தது.

எனக்குள் எல்லாம் டக்கென்று பொருந்திவிட்டது. நம் நீலத்தை எடுத்து வெளியே கொடுத்துவிட்டு, சொட்டு நீலம் விட்டு நிறத்தைச் சரிக்கட்டுகிறாள். அதுதான் நிறம் குறையவில்லை, சுத்தம் குறைகிறது. பாட்டிலைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தேன். சொல்லவே கூசுகிறது, அந்த நேரத்தில் எனக்கு சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

முதலாளி அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஞாயித்திக்கெயம கோயிலுக்கு வெள்ளப் பொடவ கட்டுவேன் சார். அதுக்கு வாங்கனது" என்றாள். அதை யார் நம்பினார்கள்? அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "காச்சிப் பாரு பாப்பா" என்றாள் என்னிடம். முதலாளி அதுவரைக்குமான சம்பளத்தைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, கால் கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

காய்ச்சிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். நான் பார்த்தது மூன்று நாள் கழித்து, அதுவும் அவள் இல்லாமல் நானே எல்லாவற்றையும் செய்து, அளவு மறுபடி மூன்று வந்தபோது. வெந்நீரில் குழாயை இறக்கினேன். நீலம் சாம்பல் பூத்து, வெளுத்து, செத்துப்போனது. பழைய சாம்பிள்களையும் எடுத்துக் காய்ச்சினேன். எல்லாம் வெளுத்தன. ஒரு சொட்டு சாயம் எதிலும் இல்லை. அடுப்பைக்கூட அணைக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் படித்த புத்தி வேலை செய்தது. மீதி நீலத்தில் தண்ணீர் கூட்டி அளந்தேன். கரைசலில் கலப்படம் இருந்தால் நீலத்தோடு சேர்ந்து அதுவும் குறைய வேண்டும். நீலம் பாதியானது, கலப்படம் பாதியாகவில்லை. இன்னும் தண்ணீர் கூட்டினேன். நீலம் இல்லாத அளவுக்குப் போயும் கலப்படம் அப்படியே நின்றது. கடைசியில் அந்தக் குப்பியில் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்தேன். வெறும் தண்ணீரே கலப்படம் என்றது கருவி.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக் குப்பியின் தெளிந்த பக்கத்தைத் துடைத்தேன். பஞ்சில் இளமஞ்சளாய் ஒரு கறை. முகர்ந்தேன். சந்தன வாசனை. சொரசொரப்புப் பக்கம் வைத்த பொட்டை ஈர முந்தானையால் சுற்றித் துடைத்து, ஒளி போகிற பக்கங்களிலும் கண்ணுக்குத் தெரியாமல் பூசியிருக்கிறேன். நம் கண்ணுக்குத் தெரியாதது புற ஊதா ஒளிக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று தரம் துடைத்துக் கழுவி, காய்ச்சாமல் மிச்சம் இருந்த மூன்றாவது சாம்பிளையே அளந்தேன். நாலைத் தாண்டியது.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தப்பு என்னுடையது, அக்காவை உடனே கூப்பிட வேண்டும் என்றேன். அவர் காகிதத்தில் இருந்த எண்ணை இரண்டு முறை பார்த்தார். "சரியாயிடுச்சு இல்ல, விடும்மா. பூஜைப் பொட்டாலதான்னு வெளில சொல்லிகினு திரியாத" என்றார். சாம்பிள் பம்பாய்க்குப் போனது. ஆர்டர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய வீட்டுக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் புருஷன் படுத்திருந்தார். அக்கா கோயிலிலிருந்து வந்து, கட்டியிருந்த வெள்ளைப் புடவையோடு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளையில் மெல்லிய நீலம் ஓடியிருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி, பொட்டு, முந்தானை, வெறும் தண்ணீர் எல்லாம். சொல்லும்போது அழுதேன். இந்தமுறை அவள், "அட, இன்னா பாப்பா நீ" என்று சொல்லவில்லை.

"நீ தொடச்சத நான் பாத்தேன்" என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா!"

"இன்னான்னு? உங்க சாமிக்கு வச்ச பொட்டாலதான் கெட்டுப்போச்சுன்னா? நான் சொல்லி நீங்க கேக்கறதா? ஜெபக்காரி சாமி மேல பழி போடறான்னு அன்னிக்கே தொரத்தி இருப்பீங்க." அடுப்பை ஊதினாள். "காச்சிப் பாருன்னு மட்டும்தான் எனக்குச் சொல்ல முடிஞ்சுது. வாசல்ல நின்னேன், பாப்பியோன்னு."

திரும்பி வரச்சொன்னேன். முதலாளியை நான் சம்மதிக்க வைக்கிறேன் என்றேன். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், நாளையிலிருந்து ஷிப்ட் என்றும் சொன்னாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம் அது. இங்கே என்றால் நடந்து வந்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

அவள் அன்று முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "அந்த உர டப்பாவோட உன்ன இட்டுகினு போனாங்களே, அன்னிக்கு உன்ன எனக்கு எத்தினி நாளாத் தெரியும்? பதினெட்டு நாளு. இப்ப என்ன உனக்கு அஞ்சு மாசமாத் தெரியும்."

வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். திரும்பும்போது என் பிறவிப் புத்தி வாயைத் திறந்துவிட்டது. அதற்காகத்தான் என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "அக்கா, ஸ்டேஷன்ல எனக்காகப் போட்ட கையெழுத்து… அத எடுத்துடுவீங்களா?" என்று கேட்டேன்.

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அது இருந்துட்டுப் போவுது" என்றாள். "நீ தப்பு பண்றவ இல்லன்னுதானே போட்டேன். அது எனக்கு இன்னும் தெரியும்."

இரண்டு வருஷம் கழித்து வேறு வேலை கிடைத்து நான் அந்தப் பக்கத்தை விட்டுப் போனேன். அதுவரை அந்த நோட்டில் எனக்குப் பொறுப்பாக இருந்தது அவளுடைய பெயர் ஒன்றுதான்.